'அந்தப் பாட்டை நிறுத்தச் சொல்லு பாப்பா!' - திறந்தவெளி பார்களும் பனித்திட்டின் தூக்கமும்

பனித்திட்டில் இருக்கும் என் ஆயா வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கே பாய் விரித்துவிடுவார்கள். சென்னையிலிருந்து போகும் எனக்கு அது டீ குடிக்கிற நேரம். ஆனால், மாமா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தாக வேண்டும். வலை, ஐஸ் பெட்டி, டீசல் கேன் எல்லாவற்றையும் ஃபைபர் படகில் ஏற்றி, வெளிச்சம் வருவதற்குள் கடலுக்குள் போய்விட வேண்டும். அத்தை அதற்கும் முன்னால் எழுந்து அவருக்குச் சோறு கட்டுவார். எனவே அந்த வீட்டில் தூக்கம் என்பது எட்டிலிருந்து மூன்று வரைக்கும்தான்.

போன முறை போயிருந்தபோது, மணி பத்தரை இருக்கும். 'டும்... டும்... டும்...' எனக் கேட்க ஆரம்பித்தது. என்ன பாட்டு என்று தெரியவில்லை. ஜன்னலைச் சாத்தினேன். பாட்டின் மேல் பகுதியெல்லாம் அடங்கிவிட்டது. 'டும்' மட்டும் அடங்கவில்லை. சுவர் வழியாக வந்து தலையணையில் உட்கார்ந்துகொண்டது. மாமா புரண்டு புரண்டு படுத்தார். ஆயா எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். "அந்தப் பாட்டை நிறுத்தச் சொல்லு பாப்பா. நீதான் பத்திரிகையில இருக்கியே!"

சிரித்துவிட்டேன். ஆயா சிரிக்கவில்லை.

சத்தம் எங்கிருந்து வந்தது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தோப்புக்குள் கீற்றுக் கொட்டகைகள், சீரியல் பல்பு, பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் இரண்டு ஆள் உயர ஸ்பீக்கர். குடிப்பதற்கான திறந்தவெளி இடம். அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்த ஓர் இடத்தை மூடினால் தீர்ந்துவிடும் பிரச்னை இல்லை இது என்பது, ஆயா கேட்டதற்குப் பதில் தேடிப் போனபோதுதான் எனக்கே தெரிந்தது.

தோப்பில் குடிப்பது புதிதல்ல

பனித்திட்டு தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன வழிகாட்டல். புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் கிருமாம்பாக்கம் வரும். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் வயல், சவுக்கு, தென்னை, பிறகு கடல். பாகூர் கொம்யூனைச் சேர்ந்த மீனவர் ஊர். நரம்பை, மூர்த்திக்குப்பம், புதுக்குப்பம் எல்லாம் இதே கரையில் இருக்கும் ஊர்கள். 2004 சுனாமி இந்தக் கரையையும் விடவில்லை. அதற்குப் பிறகு கட்டிய வீடுகள் பலவும் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்பவை. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் 'தண்ணி குடி' என்பார்கள்.

இந்தப் பக்கத்தில் மது ஓர் அதிசயப் பொருள் இல்லை. தமிழ்நாட்டில் 1991-ம் ஆண்டு ஜூலையில் சாராயக்கடைகளை மூடினார் அன்றைய முதல்வர் ஜெயலலிதா. புதுச்சேரியில் சாராயக்கடையும் கள்ளுக்கடையும் இன்றும் அரசு ஏலத்தில் போகின்றன. சாராயம் வருவதும் அரசின் வடிசாலையிலிருந்துதான். அது இருப்பது வில்லியனூர் பக்கம் ஆரியபாளையத்தில். கன்னியக்கோவில், முள்ளோடை, சோரியாங்குப்பம் என்று எல்லையோரக் கடைகளுக்குக் கடலூர் பக்கத்திலிருந்து ஆட்கள் வருவது எல்லோரும் அறிந்த கதை. பாகூர், வில்லியனூர் கிராமங்களில் சாராயக்கடை என்றாலே மரத்தடியும் கொட்டகையும்தான். குடித்துவிட்டு உட்கார்ந்து பேச நான்கு சுவர் கேட்டவர் யாரும் இல்லை.

'அப்போதெல்லாம் சத்தம் இல்லையா?' என்று ஆயாவிடம் கேட்டேன். "ஏன் இல்ல? பாடுவான், அழுவான், பொண்டாட்டியத் திட்டுவான். ஆனா மனுஷன் தொண்டைக்கு ஓர் அளவு உண்டில்ல பாப்பா" என்றார். இந்தக் கட்டுரைக்காக நான் படித்த அரசு விதிகளில்கூட இவ்வளவு தெளிவான ஒரு வரி இல்லை.

மாறியது குடி அல்ல, ஸ்பீக்கர். அதோடு நேரமும். இருட்டியதும் அடங்குகிற சாராயக்கடைக்குப் பதில், இருட்டிய பிறகே களைகட்டுகிற இடங்கள் வந்திருக்கின்றன.

நகரத்திலிருந்து நகர்ந்து வரும் இசை

புதுச்சேரி நகரத்தில் சில ஆண்டுகளுக்கு முன்பு சுற்றுலாவைக் காட்டி ரெஸ்டோ பார்கள் வேகமாகப் பெருகின. குடியிருப்புகளுக்கு நடுவிலும், கோயில், பள்ளி அருகிலும் அனுமதி தருகிறார்கள் என்று எதிர்க்கட்சிகளும் சமூக அமைப்புகளும் பலமுறை போராடின. நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கின்றன என்பது நெடுநாள் புகார். 2025 ஆகஸ்ட்டில், அப்படி ஒரு ரெஸ்டோ பாரில் நடந்த தகராறில் தமிழ்நாட்டைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். அதன் பிறகுதான் 'எத்தனை மணிக்கு மூட வேண்டும்' என்ற கேள்வி தலைப்புச் செய்தியானது. அதுவரை சத்தத்தைப் பற்றிப் பேசியவர்களை, 'வயதானவர்கள், அப்படித்தான் புலம்புவார்கள்' என்று ஒதுக்கியிருந்தோம். 'ஒதுக்கியிருந்தார்கள்' என்று எழுதலாம்தான். ஆனால் வார இறுதிக்குப் பாண்டிச்சேரி போய், அந்த மாடிகளில் உட்கார்ந்து பாட்டுக் கேட்ட என்னையும் சேர்த்துக்கொள்வதே நியாயம்.

நகரத்தின் தெற்கே கடற்கரைகளும் சுற்றுலா வரைபடத்தில் ஏறிவிட்டன. சின்ன வீராம்பட்டினத்தின் ஈடன் பீச்சுக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. சுண்ணாம்பாற்றின் முகத்துவாரத்தில் பாரடைஸ் பீச் எப்போதும் கூட்டம். அதையும் தாண்டித் தெற்கே வந்தால் கூட்டம் குறைவான மணல் பாகூர் கொம்யூனில்தான். சுற்றுலாவுக்கு மணல் வேண்டும், மணல் பக்கத்தில் மீனவர் ஊர் இருக்கிறது. இதில் யாரையும் வில்லனாக்க முடியாது. எங்கள் ஊர்ப் பையன்கள் சிலருக்கும் அந்த மாதிரி இடங்களில்தான் வேலை. கடலுக்குப் போனால் மீன் இல்லாத நாள் உண்டு. டேபிள் துடைத்தால் சம்பளம் இல்லாத மாதம் கிடையாது.

கோயிலுக்கு எத்தனை மீட்டர்? வீட்டுக்கு?

மதுக்கடை உரிமம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தூரக் கணக்குதான். தமிழ்நாட்டின் 2003-ம் ஆண்டு விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி, நகராட்சிகளில் வழிபாட்டுத் தலம், கல்வி நிறுவனத்திலிருந்து 50 மீட்டர். மற்ற இடங்களில் 100 மீட்டர். புதுச்சேரியிலும் போராட்டம் என்றால் பதாகையில் வருவது இதே இரண்டு சொற்கள்: கோயில், பள்ளி. அந்தக் கணக்கில் வீடு எங்கே? சாமியும் பிள்ளைகளும் குடிகாரனைப் பார்க்கக் கூடாது என்பதுதான் அந்த விதியின் கவலை. பார்வைக்கு அளவு வைத்தோம். காதுக்கு வைக்கவில்லை.

காதுக்கு வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு இயற்பியலுக்கு மேல் வேண்டாம். வெட்டவெளியில், ஒரே இடத்திலிருந்து வரும் சத்தம், தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபல் குறையும். தூரம் பத்து மடங்கானால் 20 டெசிபல் குறையும். ஒரு பெரிய ஸ்பீக்கருக்கு ஒரு மீட்டர் முன்னால் 100 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டரில் 80. விதி சொல்லும் அந்த 100 மீட்டரில் 60. குடியிருப்புப் பகுதிக்கு இரவு நேர வரம்பு 45 டெசிபல்தான். அந்த அளவுக்கு இறங்க, சத்தம் அரை கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும்.

இது காகிதக் கணக்கு. நடுவில் கட்டடம் இருந்தால் குறையும், தோப்பு அடர்த்தியாக இருந்தால் கொஞ்சம் குறையும். கூடவும் செய்யும். பகலில் வெயிலில் சூடான தரை, சத்தத்தை மேல்நோக்கி வளைத்து அனுப்பிவிடும். இரவில் தரை குளிர்ந்து, அதற்கு மேலே இருக்கும் காற்று சற்று வெதுவெதுப்பாக இருந்தால், அதே சத்தம் கீழ்நோக்கி வளைந்து தொலைவில் போய் இறங்கும். கடலோரத்தில் இன்னொன்றும் உண்டு. இரவில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். சாலைப் பக்கம் இருக்கும் தோப்பின் பாட்டை, கடலோரம் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சுமந்து வருவது அந்தக் காற்றுதான். இதே காற்றைப் பிடித்துத்தான் அந்தக் காலத்தில் பாய்மரக் கட்டுமரங்கள் விடிகாலையில் கடலுக்குள் போயின என்பார் மாமா.

அந்த 'டும்' விஷயத்துக்கும் விடை கிடைத்தது. தாழ்ந்த ஸ்தாயி ஒலியைச் சுவரும் ஜன்னலும் எளிதில் தடுக்காது. காற்றும் அவ்வளவாக விழுங்காது. பாட்டின் இனிமையான பகுதி தோப்பிலேயே நின்றுவிடும். நமக்கு வந்து சேர்வது மிச்சம்.

நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறைக்குள் 30 டெசிபலுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 1999-ம் ஆண்டு வழிகாட்டி. 30 டெசிபல் என்பது காதோரம் கிசுகிசுப்பது மாதிரி. பனித்திட்டில் அலைச் சத்தமே அதைத் தாண்டும் என்பீர்கள். உண்மைதான். ஆனால் அலைக்குப் பழகிய காது, தாளத்துக்குப் பழகுவதில்லை. அடுத்த அடிக்காகக் காத்திருக்கும்.

பத்து மணிச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது

நான் புதிதாக ஏதோ சட்டம் கேட்க வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் தேட ஆரம்பித்தேன். சட்டம் 2000-ம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. அப்போது எனக்கு நடக்கக்கூடத் தெரியாது.

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு கொண்டுவந்தது. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் சுற்றிய அமைதி மண்டலத்துக்கு 50, 40. இந்த எண்களை மறந்துவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு விஷயங்களை மட்டும் நினைவில் வையுங்கள்.

முதலாவது, ஸ்பீக்கர் வைக்க உரிய அதிகாரியிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். மது விற்க உரிமம் இருக்கிறது என்பதால் ஸ்பீக்கர் வைக்க உரிமம் வந்துவிடாது. இரண்டும் வேறு வேறு.

இரண்டாவது, இரவு 10 மணிக்கு மேல் ஸ்பீக்கரோ, இசைக் கருவியோ, ஆம்ப்ளிஃபயரோ பயன்படுத்தவே கூடாது. விலக்கு, உள்ளுக்குள் மட்டும் கேட்கும்படி மூடிய இடங்களுக்குத்தான்: அரங்கம், மாநாட்டு அறை, சமுதாயக் கூடம், விருந்து மண்டபம். நான்கு பக்கமும் திறந்த கீற்றுக் கொட்டகை மூடிய இடம் ஆகாது என்று சொல்ல வக்கீல் தேவையில்லை. அதாவது, திறந்தவெளி பார் ஒன்று 10 மணிக்கு மேல் மது விற்க அனுமதி பெற்றிருந்தாலும் பாட்டுப் போட அனுமதி கிடையாது. இதை நான் சொன்னபோது மாமா நம்பவில்லை. செல்போனில் விதியைக் காட்டினேன். "அப்போ தினமும் தப்பாதான் நடக்குதா?" என்றார்.

திருவிழாக்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. மாநில அரசு விரும்பினால் ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல், பண்பாட்டு, மத விழாக்களுக்கு நள்ளிரவு 12 வரை ஸ்பீக்கரை அனுமதிக்கலாம்.

இங்கே ஒரு வாக்குமூலம் தர வேண்டும். ஆடி மாதம் எங்கள் ஊர்ப் பக்கம் வந்து பாருங்கள். கூழ் ஊற்றும் நாளில் தென்னை மரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர் விடியற்காலை ஐந்து மணிக்கே எழுப்பிவிடும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம், சாவுக்கு அடிக்கிற மேளம் என்று நாங்களும் சத்தப் பிரியர்கள்தான். 'உங்க சாமி பாட்டு மட்டும் இனிக்குதா?' என்று பார் நடத்துபவர் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. திருவிழா முடியும் தேதி எங்களுக்குத் தெரியும். அந்த நாளில் மாமா கடலுக்குப் போக மாட்டார். தோப்புப் பாட்டுக்கு முடியும் தேதி இல்லை.

2005 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் தந்த ஒலி மாசுத் தீர்ப்பு எங்கிருந்து தொடங்கியது என்று படித்தபோது கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். பாலியல் வன்முறைக்கு ஆளான 13 வயதுச் சிறுமி ஒருத்தி உதவி கேட்டுக் கத்தியது, ஒலிபெருக்கிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அந்தச் செய்தியைச் சுட்டிக்காட்டி ஒரு பொறியாளர் போட்ட வழக்கு அது. அமைதியாக வாழ்வது, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் வரும் என்றது நீதிமன்றம்.

எங்கள் அத்தை சத்தத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் சத்தத்தில் ஆரம்பித்து வேறெங்கோ போய் நிற்பார். பத்து மணிக்கு மேல் சீறிக்கொண்டு போகும் பைக்குகள். மணலில் உடைந்து கிடக்கும் பாட்டில்; வலை இழுக்கிறவர்களுக்குக் காலில் செருப்பு இருக்காது. டியூஷன் முடிந்து வரும் மகளைக் கூட்டிவர இப்போது யாராவது ஒருவர் போக வேண்டியிருக்கிறது. 'சத்தம்' என்பது மனுவில் எழுதக்கூடிய சொல். மற்றதை எழுதினால், 'ஆதாரம் இருக்கா?' என்பார்கள்.

சாலையிலிருந்து ஊருக்குள்

இந்தக் கதையில் 2017-ஐ விட்டுவிட்டுப் போக முடியாது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிலிருந்து போன கே.பாலு வழக்கு அது. 20,000-க்குக் குறைவான மக்கள் இருக்கும் ஊர்களுக்கு 220 மீட்டர் என்று பிறகு தளர்த்தினார்கள். 2017 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. விபத்துகளைத் தடுக்க வந்த நல்ல தீர்ப்பு. ஆனால் சாலையோரத்தில் மூடிய கடை எங்கே போகும்? ஊருக்குள்தான்.

தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில், கடைக்கு எதிராக மறியல் செய்த பெண் ஒருவரைக் காவல் அதிகாரி கன்னத்தில் அறைந்த வீடியோ 2017 ஏப்ரலில் நாட்டையே உலுக்கியது. புதுச்சேரியில் விழுப்புரம் சாலை வில்லியனூர் வழியாகவும் கடலூர் சாலை கிருமாம்பாக்கம் வழியாகவும் போவதால், இரண்டு கொம்யூன்களிலும் இந்தத் தீர்ப்பின் சூடு பட்டது. இடம் மாற வந்த கடைகளுக்கு எதிராக இங்கேயும் மறியல்கள் நடந்தன. அடுத்த சில மாதங்களில் நகராட்சி எல்லைகளுக்கு விலக்கு, பிறகு ஊராட்சிகளுக்கும் மாநில அரசு முடிவெடுக்கலாம் என்று தீர்ப்பு இளகிவிட்டது. சாலையிலிருந்து எத்தனை மீட்டர் என்று நாடே அளந்தது. அப்போதும் வீட்டிலிருந்து அளக்கவில்லை.

யார் கையெழுத்து?

சரி, ஒரு திறந்தவெளி இடத்துக்கு உரிமம் தரும்போது பனித்திட்டுக்காரர்கள் யாரிடமாவது கேட்பார்களா?

தமிழ்நாட்டில் கிராம சபை என்று ஒன்று கூடுகிறது. டாஸ்மாக் வேண்டாம் என்று அங்கே தீர்மானம் போட்ட ஊர்கள் ஏராளம். அந்தத் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். புதுச்சேரியில்? உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-ல். அதற்கு முன்பு 1968-ல். 2006-ல் வந்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே இல்லை. 2021-ல் அறிவித்தும் நடக்கவில்லை. கொம்யூன் பஞ்சாயத்தை அதிகாரிகள் நடத்துகிறார்கள். என் வயதுக்காரர்களில் ஒருவர்கூடப் பனித்திட்டில் உள்ளாட்சிக்கு ஓட்டுப் போட்டதில்லை.

மீனவர் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. எந்த நாள் கடலுக்குப் போகக் கூடாது என்பதிலிருந்து வலைத் தகராறு வரை அவர்கள் சொன்னால் சொன்னதுதான். ஆனால் கலால் துறையின் கோப்பில் அவர்கள் கையெழுத்துக்குச் சட்டப்படி இடம் கிடையாது. ஊரே கட்டுப்படும் ஒரு சபைக்கு, ஊர் ஓரத்துக் கொட்டகையைப் பற்றிக் கேட்கும் உரிமை இல்லை. எனக்கு இந்த இடம்தான் உறுத்துகிறது. ஸ்பீக்கரைவிட.

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால், எங்கேயும் தானாக நடக்கவில்லை என்பது தெரிகிறது. பெங்களூரு இந்திரா நகரில் பப்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட குடியிருப்புவாசிகள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். அங்கே இசை நிகழ்ச்சிக்குத் தனி உரிமம் வாங்க வேண்டும் என்ற 2005-ம் ஆண்டு ஆணையை 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. கோவாவின் அஞ்ஜுனா, வகதூர் கடற்கரைகளில் திறந்தவெளி இசையை 10 மணிக்கு நிறுத்த வைக்க ஊர்க்காரர்கள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. போலீஸையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் நீதிமன்றம் கேள்வி கேட்ட பிறகுதான் அளவெடுக்கும் கருவிகள் வந்தன. சுற்றுலாவுக்குப் பேர்போன கோவாவிலேயே இப்படி என்றால், 'பாட்டு இல்லாவிட்டால் டூரிஸ்ட் வர மாட்டான்' என்ற வாதம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

சிங்கப்பூர் வேறு வழி போனது. 2013 டிசம்பர் 8-ல் லிட்டில் இந்தியாவில் தமிழ்த் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததைத் தொடர்ந்து கலவரம் நடந்தது நினைவிருக்கலாம். 2015 ஏப்ரல் முதல், பொது இடங்களில் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை குடிக்கத் தடை. லிட்டில் இந்தியாவுக்கு இன்னும் கடுமையான கட்டுப்பாடு. வீட்டுக்குக் கீழே கூடிக் குடிப்பவர்களின் சத்தமும் குப்பையும் பற்றிய குடியிருப்புவாசிகளின் புகார்கள் கலவரத்துக்கு முன்பே இருந்தவை. ஆனால் அந்தச் சட்டத்தின் அழுத்தம் அதிகம் விழுந்தது, குளிர்சாதன பாரில் உட்கார வசதியில்லாத தொழிலாளர்கள் மேல். கட்டுப்பாடு கேட்கும்போது அது யார் தலையில் விடியும் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. பனித்திட்டில் மரத்தடியில் ஒரு கிளாஸோடு உட்காரும் கிழவரை விரட்டிவிட்டு, ஸ்பீக்கரை விட்டுவைக்கும் சட்டம் வந்தால் எனக்குச் சந்தோஷம் இல்லை.

புகார் எப்படி எழுதுவது?

ஆயாவுக்காகத் தேடியது, உங்களுக்கும் உதவலாம்.

அந்த நேரத்தில் உடனே நிறுத்த வேண்டும் என்றால் 100 அல்லது 112. அழைத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். பனித்திட்டுக்குக் காவல் நிலையம் கிருமாம்பாக்கம். 'சத்தமாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லாதீர்கள். '10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஸ்பீக்கர் ஓடுகிறது, 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளுக்கு எதிரானது' என்று சொல்லுங்கள். பேச்சின் தொனியே மாறும். அந்த விதிகளின்படி, இரவு நேரத் தடையை மீறினாலே புகார் செய்யலாம். அளவீட்டோடு வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பகல் நேரப் புகார் என்றால், வரம்பைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். செல்போன் ஆப்பில் வரும் எண்ணை அதிகாரி ஏற்க மாட்டார். ஆனால் தேதி, நேரத்தோடு ஒரு வாரம் வீடியோ எடுத்து வைத்தால், அளவெடுக்கும் கருவியோடு ஆளை வரவழைக்க அது போதும்.

எழுத்து மூலமான மனுவுக்கு மூன்று முகவரிகள்: கலெக்டர், புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம், கலால் துறை. கலால் துறையிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த இடத்தின் உரிமம், எந்தக் கட்டடத்துக்கு, எவ்வளவு பரப்புக்குத் தரப்பட்டது? அறைக்குத் தந்த உரிமத்தில் தோப்பு முழுக்க நாற்காலி போட்டிருந்தால், அது தனிப் புகார். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு இதையே கேட்கலாம். பொதுத் தொல்லை என்ற அடிப்படையில், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவில் நிர்வாக நடுவர் தடுப்பு ஆணை போட முடியும். பழைய சி.ஆர்.பி.சி-யில் இது 133. பாகூர், வில்லியனூர் பக்கத்துக்கு வில்லியனூரில் இருக்கும் தெற்குப் பகுதி வருவாய்த் துறை துணை ஆட்சியர் அலுவலகம். சுற்றுச்சூழல் சட்ட மீறலுக்கு 2024 ஏப்ரலிலிருந்து சிறைத் தண்டனை போய், 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாறியிருக்கிறது.

தனியாகப் போகாதீர்கள். ஒரே ஊர், ஒரே சந்தை. மறுநாள் முகத்தில் முழிக்க வேண்டும். பத்து வீடு கையெழுத்துப் போட்டால், யார் எழுதியது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

சில விஷயங்கள் புகாரே இல்லாமலும் நடக்கலாம். ஸ்பீக்கரின் முகத்தை வீடுகளுக்கு எதிர்ப்புறம் திருப்பலாம். ஒரு பெரிய ஸ்பீக்கருக்குப் பதில் மேஜைக்கு அருகே சின்னச் சின்னதாக வைத்தால், குடிப்பவருக்கும் கேட்கும், மாமா தூங்கவும் செய்வார். பேஸைக் குறைக்க ஒரு விரல் போதும். உரிமம் புதுப்பிக்கும்போது இந்த மூன்றையும் நிபந்தனையாக எழுதினால் அரசுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை.

மறுநாள் ஆயா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மனுவை எழுதினேன். தேதி, நேரம், விதி எண் எல்லாம் போட்டு, பத்திரிகை தமிழில் ஒரு பக்கம். படித்துக் காட்டினேன். ஆயா கடைசி வரை கேட்டுவிட்டு, ஒன்று விட்டுப்போச்சு என்றார். தாத்தா செத்த ராத்திரிகூட அவர்கள் பாட்டை நிறுத்தவில்லையாம். அதையும் எழுதச் சொன்னார்.

அதற்கு எந்த விதி என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் எழுதினேன். இதுவரை ஆறு வீட்டுக் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. இன்னும் நான்கு வீடு பாக்கி இருக்கிறது. கடலுக்குப் போனவர்கள் திரும்பியதும் வாங்கிக்கொள்ளலாம் என்றார் மாமா.